பெரிய காலிபர் இரட்டைக்குழல் ரைஃபிள்களில் எடையும் சமநிலையும்: முழுமையான வழிகாட்டி

யானை, காட்டெருமை போன்ற பெருவிலங்குகளை அருகிலிருந்து எதிர்கொள்வதற்காக உருவான இரட்டைக்குழல் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, அதன் எடை எவ்வளவு என்பதாகவே இருக்கிறது. அது தேவையான கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி. அந்த எடை ரைஃபிளின் எந்தப் பகுதிகளில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது மறுபாதி. மொத்த எடை பின்னுதைப்பைத் தீர்மானிக்கிறது. எடை பரவியிருக்கும் விதமோ ரைஃபிள் தோளுக்கு எவ்வளவு விரைவாக வருகிறது, குழல்வாய் இலக்கில் எங்கே நிற்கிறது, இரண்டாவது குண்டு எவ்வளவு நேரத்தில் போகிறது என்பவற்றைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனியே அளந்து, தனித்தனியே முடிவெடுத்து, பிறகு ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து. ஒரே எடையும் ஒரே சமநிலைப் புள்ளியும் கொண்ட இரண்டு ரைஃபிள்கள் கையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்வதன் காரணமும் இந்த முறையில்தான் புலப்படும்.

தொடங்குமுன் ஒரு நிபந்தனை. கீழே சொல்லப்படும் அளவீடுகள் அனைத்தும், திறந்து பார்த்து, தோட்டா அமரும் இரு அறைகளும் காலி என்று உறுதிசெய்யப்பட்ட ரைஃபிளில் மட்டுமே செய்யப்பட வேண்டும். தோட்டாக்களின் எடையையும் கணக்கில் கொள்ள விரும்புபவர்கள், அதே எடையில் செய்யப்பட்ட போலித் தோட்டாக்களைப் பயன்படுத்தலாம். உண்மையில் அதனால் பெரிய மாற்றம் எதுவும் வராது. பெருவிலங்கு வேட்டைக்கான .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற வகைத் தோட்டாவின் உறை 83 மில்லிமீட்டர் நீளமுடையது. அறையில் அமர்ந்திருக்கும்போது அது, குழல்கள் திறந்து மடியும் கீல் ஆணியின் இருபுறமும் பரவியே கிடக்கிறது. ஆகவே இரண்டு தோட்டாக்களும் சேர்ந்து 100 கிராமுக்கு மேல் கூட்டினாலும் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய அசைவதே இல்லை. தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே குணத்தோடு இருப்பது இவ்வகை ரைஃபிளின் அமைப்பிலேயே உள்ள ஒரு நற்பேறு.

முதல் படி: எவ்வளவு எடை தேவை என்று கணக்கிடுதல்

பின்னுதைப்பைக் கணக்கிட உந்த அழிவின்மை விதி ஒன்றே போதும். குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தை ரைஃபிள் பின்னோக்கிப் பெறுகிறது. குண்டின் நிறையை அதன் வேகத்தால் பெருக்குங்கள். வெடிமருந்தின் நிறையை, குண்டின் வேகத்தைப் போல் 1.75 மடங்கால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த உந்தம் கிடைக்கும். அதை ரைஃபிளின் நிறையால் வகுத்தால் பின்னுதைப்பு வேகமும், உந்தத்தின் இருமடியை ரைஃபிள் நிறையின் இருமடங்கால் வகுத்தால் பின்னுதைப்பு ஆற்றலும் வரும்.

.470 நைட்ரோ எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு 500 கிரெய்ன், அதாவது 32.4 கிராம், வேகம் விநாடிக்கு 2150 அடி, அதாவது 655 மீட்டர். இக்கால வெடிமருந்து ஏறக்குறைய 6.5 கிராம் என்று கொண்டால், மொத்த உந்தம் 28.7 கிலோகிராம் மீட்டர்/விநாடி ஆகிறது. 5 கிலோ எடையுள்ள ரைஃபிளில் இது விநாடிக்கு 5.7 மீட்டர் வேகத்தையும் 82 ஜூல் ஆற்றலையும் தருகிறது. ரைஃபிளை 4.5 கிலோவாகக் குறைத்தால் ஆற்றல் 91 ஜூலாக ஏறும். 4 கிலோவாகக் குறைத்தால் 103 ஜூல். எடையைக் கூட்டி 5.5 கிலோவாக்கினால் 75 ஜூலாக இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, 3.6 கிலோ எடையுள்ள சாதாரண .30-06 ரைஃபிளின் பின்னுதைப்பு ஏறக்குறைய 30 ஜூல்.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆற்றல் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 4 கிலோவிலிருந்து அரை கிலோ கூட்டும்போது கிடைக்கும் பயன், 5 கிலோவிலிருந்து அதே அரை கிலோ கூட்டும்போது கிடைப்பதைவிட அதிகம். ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொரு 100 கிராமும் தோளுக்குக் கொடுக்கும் நிம்மதி குறைந்துகொண்டே போக, சுமந்து நடக்கும் கைக்குக் கொடுக்கும் களைப்பு மட்டும் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிச் செய்வினைஞர்கள் இந்தக் கட்டத்தை அனுபவத்தால் கண்டுபிடித்து, ஒவ்வொரு காலிபருக்கும் (குழலின் உள்விட்ட அளவுக்கும்) ஓர் எடை வரம்பை நிலைநிறுத்தினார்கள். .450/400 காலிபருக்கு 4.1 முதல் 4.5 கிலோ; .470க்கு 4.8 முதல் 5.2 கிலோ; .500க்கு 5 முதல் 5.5 கிலோ, 750 கிரெய்ன் குண்டுடைய .577க்கு 6 கிலோவும் அதற்குச் சற்று மேலும். 900 கிரெய்ன் குண்டுடைய .600க்கு 7 கிலோவும் அதற்குச் சற்று மேலும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 1000 கிரெய்ன் குண்டை வீசுகிறது; அந்த ரைஃபிள் 8 கிலோவைத் தாண்டுகிறது.

.470க்குச் செய்த கணக்கையே .577க்கும் .600க்கும் செய்து பாருங்கள். பின்னுதைப்பு வேகம் விநாடிக்கு 6 மீட்டரை ஒட்டியே வரும். ஆற்றல் மட்டும் .600இல் 120 ஜூல் அளவுக்கு ஏறியிருக்கும். தோளில் அறைவது போன்ற கூர்மையான அதிர்ச்சியை உண்டாக்குவது பெரும்பாலும் பின்னுதைப்பின் வேகம். உடலைப் பின்னுக்குத் தள்ளுவது அதன் உந்தம். வேகத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்திவிட்டு, தள்ளலை உடல் ஏற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட தீர்ப்பை அந்த எடை வரம்புகளில் காண்கிறேன். ஆகவே, இந்த வரம்புக்குக் கீழே அரை கிலோ குறைத்து ‘இலகுவானது’ என்று விற்கப்படும் ரைஃபிளைக் கடையில் தூக்கிப் பார்த்து மயங்க வேண்டாம்.

எடை வரலாற்று நோக்கிலும் குறைந்தே வந்திருக்கிறது. கரும்வெடிமருந்துக் காலத்தின் ‘4 போர்’ (4 bore) எனப்படும் பெருங்குழல் ரைஃபிள்கள் 20 பவுண்டுக்கு மேல், அதாவது 9 கிலோவுக்கு மேல் எடையுடையவை. அவற்றைச் சுமக்கத் தனி ஆள் வேண்டியிருந்தது. 1898இல் ஜான் ரிக்பி நிறுவனம் கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்துடன் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்த பிறகே, வேட்டையாடுபவர் தாமே நாள் முழுதும் சுமக்கக்கூடிய பெருவிலங்கு ரைஃபிள் என்பது நடைமுறைக்கு வந்தது. 1907இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபரைத் தடை செய்ததால்தான் .470, .465 போன்ற மாற்றுகள் பரவின. அவையும் ஏறக்குறைய அதே எடை வரம்புக்குள்தான் செய்யப்பட்டன.

மொத்த எடை எவ்வளவு என்பதற்குக் கணக்கு ஒரு வரம்பைத்தான் தரும். அந்த வரம்புக்குள் எங்கே நிற்பது என்பதை உடல்தான் சொல்ல வேண்டும். காலி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, ஓர் இலக்கைக் குறிபார்த்து, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்துப் பாருங்கள். முப்பதாவது விநாடிக்குள் முன்குறிமுள் வட்டமடிக்கத் தொடங்கினால், அந்த ரைஃபிள் உங்களுக்குக் கனமாக இருக்கலாம், அல்லது அதன் எடை முன்பக்கம் அதிகமாகக் குவிந்திருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதை அடுத்த படிகள் பிரித்துக் காட்டும்.

இரண்டாம் படி: எடை எங்கிருந்து வருகிறது என்று அறிதல்

ரைஃபிளைப் பிரித்து, குழல்கள், முன்கட்டை, பின்புறத்து (குழல்களின் பின்முனையை மூடிச் சுடும் பொறியைத் தாங்கும் உலோக உடலான) ஆக்‌ஷனும் தோள்கட்டையும் ஆகிய மூன்று பகுதிகளையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு துல்லியமான சமையலறைத் தராசே இதற்குப் போதும். இரட்டைக்குழல் ரைஃபிளில் எடையின் பெரும்பங்கு குழல்களில்தான் இருக்கிறது. ஆகவே குழல்களின் நீளமும் வெளிவடிவமுமே சமநிலையை முதலில் தீர்மானிக்கின்றன.

குழல்வாய்ப் பகுதியின் எடை எவ்வளவு வலிமையானது என்பதை ஒரு கணக்கு காட்டும். 26 அங்குலக் குழல்களுக்கும் 24 அங்குலக் குழல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். குழல்வாயில் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டரும் உள்விட்டம் 12 மில்லிமீட்டரும் என்று கொண்டால், இரு குழல்களிலுமாக அந்த 5 சென்டிமீட்டர் எஃகின் எடை சுமார் 150 கிராம். ரைஃபிளின் மொத்த எடையில் அது வெறும் 3 விழுக்காடு. ஆனால் சமநிலைப் புள்ளியிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி அமர்ந்திருப்பதால், அது இருப்பதும் இல்லாததும் சமநிலைப் புள்ளியைக் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நகர்த்திவிடுகிறது. இதைப் படித்துவிட்டு, கையிலிருக்கும் நீளக் குழல் ரைஃபிளை வெட்டிக் குறைக்க யாரும் எண்ண வேண்டாம். இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி ஒருமுகப்படுத்தப்பட்ட நிலை, அதாவது ரெகுலேஷன், வெட்டிய கணமே அழிந்துவிடும். குழல் நீளம் என்பது வாங்கும்போதோ செய்யச் சொல்லும்போதோ எடுக்க வேண்டிய முடிவு. அடர்ந்த புதரில் நெருங்கிச் சுடுவதே நோக்கமென்றால் 24 அங்குலத்தை நான் பரிந்துரைப்பேன்.

ஆக்‌ஷனின் எடை பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அது பாக்ஸ்லாக் (பொறி உள்ளே அடங்கியது) ஆனாலும் சைடுலாக் (பொறி பக்கத் தகடுகளில் அமைந்தது) ஆனாலும் இரு கைகளுக்கும் நடுவிலேயே அமர்ந்திருப்பதால், அங்கே கூடும் எடை பின்னுதைப்பைக் குறைக்கிறது, ரைஃபிளைத் திருப்பும் எளிமையைக் கெடுப்பதில்லை. பெரிய காலிபர் ரைஃபிளில் எடை தேவையென்றால் அது இருக்க வேண்டிய மிகச் சிறந்த இடம் ஆக்‌ஷனும் குழல்களின் அறைப்பகுதியுமே. நல்ல செய்வினைஞர்கள் அறைப்பகுதியில் தடிப்பாகவும், அதன் பிறகு விரைவாக மெலிந்தும் செல்லும்படி குழல்களைக் கடைவதன் காரணம் பாதி அழுத்தத்தைத் தாங்குவதற்காக. மீதிப் பாதி இதற்காகத்தான்.

மூன்றாம் படி: சமநிலைப் புள்ளியைக் காணுதல்

இரண்டு விரல் அகலமுள்ள மரச்சட்டத்தின் மேல்விளிம்பை உருட்டையாக இழைத்து, அதன்மேல் துணி ஒட்டிக்கொள்ளுங்கள். தோள்வாரைக் கழற்றிவிட்டு, குழல்கள் கிடைமட்டமாக இருக்கும்படி ரைஃபிளை அதன்மேல் வைத்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். குழல்வாய் மெதுவாகக் கீழிறங்கும் இடத்துக்கும் தோள்கட்டை மெதுவாகக் கீழிறங்கும் இடத்துக்கும் நடுவே, ரைஃபிள் எப்பக்கமும் சாயத் தயங்கி நிற்கும் ஓரிடம் வரும். அங்கே குழலின் அடியில் ஒரு சிறு காகித நாடாவை ஒட்டிவிடுங்கள். மூன்று முறை செய்து, மூன்று நாடாக்களும் அரை சென்டிமீட்டருக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள்.

இந்தப் புள்ளி கீல் ஆணியின்மேல் விழ வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள விதி. நான் அதற்குச் சற்றுத் தளர்வு கொடுப்பேன்: பாய்ந்துவரும் விலங்கை நிறுத்தவேண்டிய .470க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், கீல் ஆணிக்கு 1 முதல் 3 சென்டிமீட்டர் முன்னே விழுவது நல்லது. சற்றே முன்கனமான குழல்கள் குழல்வாய் துள்ளுவதை அடக்குகின்றன. இரண்டாவது குண்டுக்கான குறி விரைவாகத் திரும்பக் கிடைக்கிறது. புள்ளி கீல் ஆணிக்குப் பின்னே விழுந்தால், ரைஃபிள் கையில் உற்சாகமாகத் துள்ளும். ஆனால் ஓடி மூச்சிரைத்து நிற்கும்போது குழல்வாய் இலக்கைச் சுற்றி அலையும்.

கீல் ஆணியிலிருந்து மட்டும் அளந்தால் போதாது, முன் ட்ரிகரிலிருந்தும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கை நிற்குமிடம் ட்ரிகரைப் பொறுத்ததே தவிர கீலைப் பொறுத்ததன்று. கீலுக்கும் ட்ரிகருக்கும் இடையிலுள்ள தூரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும்.

இந்த அளவு கைகளில் எப்படி உணரப்படுகிறது என்பதைப் பாருங்கள். 5 கிலோ ரைஃபிளில், பின்கை சமநிலைப் புள்ளிக்கு 15 சென்டிமீட்டர் பின்னும், முன்கை 25 சென்டிமீட்டர் முன்னும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது முன்கை தாங்குவது ஏறக்குறைய 1.9 கிலோ, பின்கை தாங்குவது 3.1 கிலோ. சமநிலைப் புள்ளி 2 சென்டிமீட்டர் முன்னேறினால், முன்கையின் பங்கு 2.1 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது ரைஃபிளில் ஒரு கிராம்கூடக் கூடாமலேயே முன்கைக்குக் கால் கிலோ கூடிவிடுகிறது. ‘இந்த ரைஃபிள் கனமாக இருக்கிறது’ என்ற புகார்களில் பல உண்மையில் இந்தக் கால் கிலோவைப் பற்றியவையே.

நான்காம் படி: நிலைமத் திருப்புத்திறனை அளத்தல்

பெரும்பாலானோர் மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ரைஃபிளின் உண்மையான குணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு தண்டின் நடுவில் 400 கிராம் ஈயத்தைக் கட்டினாலும், இரு முனைகளிலும் 200 கிராம் வீதம் கட்டினாலும், மொத்த எடையும் சமநிலைப் புள்ளியும் மாறுவதில்லை. ஆனால் முனைகளில் கட்டிய தண்டைத் திருப்புவதும், திருப்பியபின் நிறுத்துவதும் கடினம். திரும்ப மறுக்கும் இந்தப் பண்பே நிலைமத் திருப்புத்திறன்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். உறுதியான ஓர் உத்திரத்திலிருந்து சம நீளமுள்ள இரண்டு கயிறுகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சமநிலைப் புள்ளிக்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் ரைஃபிளைக் கிடைமட்டமாகக் கட்டுங்கள். குழல்வாயைச் சிறிதளவு பக்கவாட்டில் திருகி விடுங்கள். சமநிலைப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, ரைஃபிள் இடமும் வலமுமாகத் திருகி ஆடும். இருபது ஆட்டங்களுக்கான நேரத்தை அளந்து இருபதால் வகுத்தால் ஓர் ஆட்டத்தின் காலம் கிடைக்கும். பிறகு ரைஃபிளின் நிறை, புவியீர்ப்பு முடுக்கமான 9.81, கயிறுகளுக்கிடையே உள்ள தூரத்தின் இருமடி, ஆட்டக் காலத்தின் இருமடி ஆகிய நான்கையும் பெருக்கி, கயிற்றின் நீளத்தைப் போல் 157.9 மடங்கால் வகுத்துவிடுங்கள். 5 கிலோ ரைஃபிள், கயிறுகளுக்கிடையே அரை மீட்டர், கயிற்றின் நீளம் 1 மீட்டர், ஆட்டக் காலம் 1.9 விநாடி என்றால், விடை 0.28 கிலோகிராம் மீட்டர் இருமடி.

இதே ரைஃபிளின் இரு முனைகளிலும், சமநிலைப் புள்ளியிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 200 கிராம் வீதம் கூட்டினால் எடை 8 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. நிலைமத் திருப்புத்திறனோ 0.28இலிருந்து 0.38ஆக, 36 விழுக்காடு கூடிவிடுகிறது. தராசு இந்த மாற்றத்தைக் காட்டாது, சமநிலைச் சட்டமும் காட்டாது. கை மட்டும் உடனே கண்டுகொள்ளும். அந்த 400 கிராமையும் ஆக்‌ஷனில் சேர்த்திருந்தால் பின்னுதைப்பு அதே அளவு குறைந்திருக்கும். ரைஃபிளின் சுறுசுறுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கும்.

எந்த அளவு சரி என்பதற்குப் பொது விதி ஒன்றும் கிடையாது. உங்களுக்கு நன்றாகப் பழகிய, கண்ணை மூடித் தோளில் ஏற்றினாலும் குறி சரியாக அமரும் துப்பாக்கி ஒன்று இருந்தால், அதையும் இவ்வாறே அளந்து, திருப்புத்திறனை எடையால் வகுத்துவரும் விகிதத்தைக் கண்டறியுங்கள். புதிய ரைஃபிளின் விகிதமும் அதற்கு அருகில் இருந்தால், எடை கூடியிருந்தாலும் கை அதைப் பழையதாகவே உணரும்.

ஐந்தாம் படி: தோள்கட்டை உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தல்

எடையைத் திருத்துமுன் தோள்கட்டையைச் சரிபார்ப்பது அவசியம். பொருந்தாத கட்டையால் வரும் அடியை எடைக்குறைவு என்று தவறாக எண்ணி ஈயம் ஏற்றியவர்கள் பலர். முன் ட்ரிகரிலிருந்து, கட்டையின் தோளில் படும் முனையிலுள்ள அடித்தகட்டின் நடுவரை உள்ள நீளம், சராசரி உடலமைப்புக்கு 36 முதல் 37.5 சென்டிமீட்டர். கன்னமேடு மிகத் தாழ்ந்திருந்தால் பின்னுதைப்பு குழல்வாயை உயரத் தூக்கிக் கன்னத்தில் இடிக்கும். கட்டை குட்டையாக இருந்தால் பெருவிரல் மூக்கைத் தாக்கும். ரப்பர் அணை வைப்பதானால் அதன் எடையையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது ரைஃபிளின் கடைமுனையில் உட்காருகிறது.

ஆறாம் படி: திருத்துதல்

பின்பக்கம் எடை கூட்டுவது எளிது. விதி இது: சமநிலைப் புள்ளியை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டுமோ அதை ரைஃபிளின் எடையால் பெருக்கி, ஈயம் அமரப்போகும் இடத்துக்கும் புதிய சமநிலைப் புள்ளிக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுத்தால், தேவையான ஈயத்தின் எடை வரும். 5 கிலோ ரைஃபிளில் 2 சென்டிமீட்டர் பின்னே நகர்த்த, 50 சென்டிமீட்டர் தூரத்தில் 200 கிராம் போதும். அதையே 30 சென்டிமீட்டர் தூரத்தில், கன்னமேட்டின் கீழே ஆழமாக வைத்தால் 333 கிராம் வேண்டும். முதலாவதில் திருப்புத்திறன் 0.05 கூடுகிறது; இரண்டாவதில் 0.03 மட்டுமே. ஆகவே, பின்னுதைப்பையும் குறைக்க வேண்டிய ரைஃபிளில் ஈயத்தை ஆழமாக, அதிகமாக வையுங்கள். எடை ஏற்கனவே போதுமென்ற ரைஃபிளில் கடைமுனையில், குறைவாக வையுங்கள்.

அடித்தகட்டைக் கழற்றினால் பெரும்பாலான கட்டைகளில் துளையிட இடமிருக்கும். 2 சென்டிமீட்டர் விட்டமும் 12 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள துளையின் கொள்ளளவு 38 கனசென்டிமீட்டர். அதில் ஈயக் குண்டுமணிகளை மெழுகோடு சேர்த்து நிரப்பினால் ஏறக்குறைய கால் கிலோ கொள்ளும். ஈயம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது. சுடும் கணத்தில் கட்டை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பின்னுக்குப் பாயும்போது, தளர்ந்த ஈயம் உள்ளிருந்தே சுத்தியலாக அடித்து மரத்தைப் பிளந்துவிடும். துளை இழையோட்டத்தின் வழியே போக வேண்டும். பிடியின் மெலிந்த பகுதியை நெருங்கவே கூடாது. இந்த வேலையைத் தேர்ந்த துப்பாக்கிச் செய்வினைஞரிடம் ஒப்படைப்பதே முறை.

பாதரசம் நிரப்பிய உருளைகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றின் பயனில் பெரும்பகுதி அவற்றின் எடையிலிருந்தே வருகிறது என்று கருதுகிறேன். அதே எடையுள்ள ஈயம் அதே இடத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

முன்கனம் குறைவாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் சிக்கல். பின்னே மரத்தைக் குடைந்தெடுத்தால் முன்பக்கம் கனக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன அதே துளையில் வெளியேறும் வால்நட் மரத்தின் எடை வெறும் 25 கிராம். முன்கட்டைக்குள் ஓரளவு ஈயம் வைக்கலாம், ஆனால் அது கீலுக்கு அருகில் இருப்பதால் பெரிதாக நகர்த்தாது. குழல்களில் எதையும் ஒட்டவோ, இரு குழல்களுக்கும் இடையிலுள்ள பட்டையின் உள்ளே நிரப்பவோ கூடாது. ஆகவே வாங்கும்போது சற்று முன்கனமான ரைஃபிளைத் தேர்ந்தெடுத்து, பின்பக்கம் ஈயம் வைத்துச் சரிசெய்வது எப்போதும் பாதுகாப்பான வழி. பின்கனமான ரைஃபிளுக்கு மருந்து அரிது.

எடையை மாற்றும் எவரும் புரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, ரெகுலேஷன் எடையைச் சார்ந்தது என்பது. .470 குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே 5 கிலோ ரைஃபிள் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னே நகர்ந்துவிடுகிறது. வலக்குழலின் அச்சு ரைஃபிளின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளியிருப்பதால், அந்த நகர்வோடு ரைஃபிள் சிறிது வலப்பக்கமாகவும் மேலாகவும் திரும்புகிறது. இடக்குழல் சுடும்போது இடப்பக்கமாகத் திரும்புகிறது. இந்தத் திருப்பத்தை ஈடுசெய்வதற்காகவே இரு குழல்களும் முன்னோக்கி ஒன்றையொன்று நெருங்கும்படி பற்றவைக்கப்படுகின்றன. திருப்புத்திறன் கூடினால் இந்தத் திருப்பம் குறைகிறது; அப்போது வலக்குழலின் குண்டு இடப்பக்கமாகவும் இடக்குழலின் குண்டு வலப்பக்கமாகவும் சாய்ந்து, ஒன்றையொன்று கடக்கத் தொடங்கும். எடை குறைந்தால் இரண்டும் விலகும். 200 கிராம் மாற்றத்தில் இது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஆனாலும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சுட்டுப் பார்க்காமல் இதை ஊகித்துச் சொல்ல முடியாது. குண்டுகள் இலேசாகக் கடந்தால் தோட்டாவின் வேகத்தைச் சற்றுக் குறைத்தும், விலகினால் சற்றுக் கூட்டியும் சரிசெய்ய முடியும். வேகம் குறைந்த குண்டு குழலில் அதிக நேரம் தங்குவதால் ரைஃபிளுக்குத் திரும்ப அதிக நேரம் கிடைக்கிறது என்பதே அதன் காரணம். வேகத்தைக் கூட்டும்போது அழுத்த வரம்பை மீறக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தொலைநோக்கி பொருத்துபவர்கள், அது பொருத்தியோடு சேர்ந்து அரை கிலோவை நெருங்கும் என்பதையும், அந்த எடை முழுவதும் குழல்களுக்கு மேலே அமர்ந்து ரைஃபிளை மேல்கனமாக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கழற்றக்கூடிய பொருத்தியே நல்லது. ரைஃபிள் தொலைநோக்கியோடு ரெகுலேட் செய்யப்பட்டதா, இல்லாமலா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: சோதித்தல்

முதலில் வெறும் ரைஃபிளுடன். குழல்வாயைத் தாழ்த்தி, இரு கைகளிலும் குறுக்காகப் பிடித்த நிலையிலிருந்து, ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே தோளில் ஏற்றுங்கள். முன்குறிமுள் நேராக அந்தப் புள்ளியில் வந்து நிற்கிறதா, தாண்டிப் போய்த் திரும்புகிறதா, அதற்கு முன்பே தயங்குகிறதா என்று கவனியுங்கள். தாண்டிப்போனால் திருப்புத்திறன் உங்களுக்கு அதிகம். நின்றபின் நடுங்கினால் குறைவு, அல்லது சமநிலைப் புள்ளி மிகப் பின்னே இருக்கிறது.

பிறகு சுடுதளத்தில். புதிய ரைஃபிளையோ திருத்திய ரைஃபிளையோ முதன்முதலில் சுடும்போது ஒரு குழலில் மட்டும் தோட்டா இடுங்கள். பின்னுதைப்பில் விரல் பின் ட்ரிகரில் பட்டோ, பொறி தானே நழுவியோ, இரு குழல்களும் சேர்ந்து வெடிப்பது பெரிய காலிபர்களில் உண்மையான ஆபத்து; எடை குறைந்த ரைஃபிளில் அதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டும் சேர்ந்து வெடித்தால் உந்தம் இரண்டு மடங்காகிறது, ஆற்றலோ நான்கு மடங்கு: 82 ஜூல் 328 ஜூலாகிவிடும். மேசையில் சாய்ந்து சுடாமல், நின்றபடி, முன்கையை ஒரு தாங்குகோலில் வைத்துச் சுடுங்கள். மேசையில் குனிந்திருக்கும் உடலால் பின்னோக்கி அசைய முடியாது. முழு அடியும் தோளெலும்பில் இறங்கும், ரைஃபிளின் எடை பற்றித் தவறான தீர்ப்பே கிடைக்கும்.

ஒற்றைக் குண்டுகள் சரியாகப் போனபின், இரு குழல்களிலும் தோட்டா இட்டு, 50 மீட்டரில் வலம், இடம் என அடுத்தடுத்துச் சுடுங்கள். ஒவ்வோர் இணைக்கும் பிறகு குழல்கள் குளிரும்வரை காத்திருங்கள். வலக்குழலின் துளைகளையும் இடக்குழலின் துளைகளையும் வெவ்வேறு நிறத்தில் வட்டமிடுங்கள். நான்கு இணைகளுக்குப் பிறகு இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று கலந்திருந்தால் ரெகுலேஷன் கெடவில்லை. கடந்திருந்தால், ஈயத்தில் 50 கிராமைக் குறைத்து மறுபடியும் சுடுங்கள். ஒரே முறையில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள்.

கடைசிச் சோதனை நடை. ரைஃபிளைத் திறந்த நிலையில், காலி அறைகளோடு, தோளிலும் கையிலும் மாற்றி மாற்றிச் சுமந்து மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, இளைப்பாறாமல் உடனே முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காலையில் குறிமுள் நின்ற இடத்திலேயே இப்போதும் நிற்கிறது என்றால் எடையும் சமநிலையும் உங்களுக்குப் பொருந்திவிட்டன. முன்னதைவிடத் தாழ்ந்து நின்றால் முன்கை களைத்திருக்கிறது. சமநிலைப் புள்ளியை ஒரு சென்டிமீட்டர் பின்னே கொண்டுவந்து, மூன்றாம் படியிலிருந்து மீண்டும் அளக்கத் தொடங்குங்கள்.